பொருக்கு

முடி நடும் அறுவை சிகிச்சைக்குப் பின் மண்டைத்தோலைப் பேணுவது எப்படி என்று சொல்லும் ஒரு தாளை 2023 மே மாதத்தில் இருபது தடவையாவது படித்திருப்பேன். எலியட்டின் கட்டுரை எதையும் நான் இத்தனை தடவை படித்ததில்லை. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு பக்கம், முப்பது வாக்கியங்களுக்குக் கொஞ்சம் கூட. அவற்றில் பாதிக்கு மேல் விலக்குகள். தொடாதே. சொறியாதே. குனியாதே. கனமானதைத் தூக்காதே. தலைவழியாக மாட்டும் சட்டை போடாதே. வெயிலில் நிற்காதே. வியர்க்காதே. கடைசியில் சொன்னது சென்னையில், அக்னி நட்சத்திரத்தில். மருந்துக்குக்கூட ஒரு பெயரடை கிடையாது. அதே நிறுவனம் சிகிச்சைக்கு முன்பு தரும் வழவழப்பான கையேட்டில் பெயரடைகளைத் தவிர வேறு அதிகமில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு நடை, கட்டிய பின் ஒரு நடை. இரண்டையும் ஒருவரே எழுதியிருக்க முடியாது. தாளை எழுதியவருக்கு, தன் சொல்லை ஒருவன் அப்படியே நடத்திக்காட்டப் போகிறான் என்ற பயம் இருந்திருக்கிறது. இந்தப் பயம் நம் விமர்சன உரைநடைக்குச் சிறிதளவு வாய்த்தால் பல கட்டுரைகள் பாதியாகச் சுருங்கிவிடும்.

தலை என்னுடையதல்ல, தம்பியுடையது. என் தலைமுடி முப்பது வயதுக்குள் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் விடைபெற்றுக்கொண்டது. அப்பாவுக்கும் அப்படித்தான். ஆண் வழுக்கையை 1951இல் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் தரம் பிரித்தார். 1975இல் நார்வுட் அதைத் திருத்தி ஏழு படிகளாக்கினார். இந்தக் கணக்கில் நான் ஆறாம் படி. தம்பி மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில். நெற்றியின் இரு பக்கமும் உள்வாங்கி, உச்சியில் மெலிந்து, வெளிச்சத்தின் கீழ் நிற்கும்போது மட்டும் உண்மை தெரிகிற கட்டம். அவனுக்கு 32 வயது. கோயம்புத்தூரில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் விற்பனை வேலை. மூன்று இடங்களில் ஜாதகம் பொருந்திப் புகைப்படத்தில் தட்டிப்போயிருந்தது. இதையெல்லாம் அவன் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் ஃபோனில், 'அண்ணே, ரெண்டு வாரம் ஒன் வீட்ல தங்கிக்கிடலாமா?' என்று மட்டும் கேட்டான். மனைவியும் மகளும் லீவுக்குத் திருச்சி போயிருந்தார்கள். எனக்கு பிரிவிலேஜ் லீவு நிறையக் கிடந்தது. வாடா என்றேன். ஐந்து வருஷத்தில் நாங்கள் மூன்று தடவைதான் சந்தித்திருந்தோம். அதில் ஒன்று சார்பதிவாளர் ஆபீசில்.

சார்பதிவாளர் ஆபீஸ் சமாசாரத்தைச் சொல்லிவிடுவது நல்லது. மாயவரம் பக்கம் அப்பாவுக்கு இரண்டு மா நிலம் இருந்தது. 2018 ஆவணியில் அவர் இறந்தார். 2019 ஜனவரியில் நிலம் விற்றாயிற்று. விற்கலாம் என்று சொன்னவன் அவன். நான் கையெழுத்துப் போட்டேன். மா நாலு லட்சம். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு, பண்டிகை நாள் விசாரிப்புகளாகக் குறைந்துவிட்டது. தன் பங்கை அவன் வைப்பில் போட்டிருந்தான். அதை உடைத்துத்தான் இந்தச் சிகிச்சை. 2,400 கிராஃப்ட், கிராஃப்டுக்கு 35 ரூபாய், மொத்தம் 84,000. பகல் முழுதும் எண்களோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு புத்தி வராது: மாவுக்கு நூறு குழி, குழி நாலாயிரம், ஆக இருபத்தொரு குழி நிலம். மருத்துவர் சதுர சென்டிமீட்டருக்கு 40 என்று நட்டிருந்தார். அப்படியானால் 60 சதுர சென்டிமீட்டர். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் சிறியது. இருபத்தொரு குழி நிலம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இந்தக் கணக்கை அவனிடம் சொல்லவில்லை.

சிகிச்சையின் சரித்திரத்தை, அவன் தூங்கிய நேரங்களில் தேடிப் படித்தேன். 1822இல் டீஃபன்பாக் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் தன் கையிலேயே முடியை நட்டுப் பார்த்திருக்கிறார். 1939இல் ஒகுடா என்ற ஜப்பானியர், தழும்பேறிய இடங்களிலும் புருவத்திலும் முடியோடு கூடிய சிறு தோல்துண்டுகளைப் பதித்து, அதை விரிவாக ஜப்பானியச் சருமவியல் பத்திரிகை ஒன்றில் எழுதினார். யுத்தம் வந்துவிட்டது. மேற்கில் அதை யாரும் படிக்கவில்லை. வாசகர்களை அடையாமல் போகும் பத்திரிகைகளில் எழுதுவது பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1952இல் நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர், ஒகுடாவைப் பற்றித் தெரியாமலே, வழுக்கைத் தலையில் முதன்முதலாக நட்டார். அவர் கட்டுரை வெளியானது 1959இல், 'எழுத்து' தொடங்கிய வருஷம். தற்செயல் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ஆனால் ஓரன்ட்ரைக் கண்டுபிடித்த விஷயம் நம் சர்ச்சைகளுக்கு அந்நியமானதல்ல. பிடரியில் வளரும் முடி, ஆண்மைச் சுரப்பியின் தாக்குதலுக்கு மசியாத ஜாதி. அதைப் பிடுங்கி வழுக்கை விழுந்த உச்சியில் நட்டால் அங்கேயும் அது மசிவதில்லை. நிலம் தீர்மானிப்பதில்லை, நாற்று தீர்மானிக்கிறது. வந்த இடத்தை அது மறப்பதில்லை. புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கு, இந்த மண்ணில் வேர் கொள்ளாது என்று ஒரு கட்சி. மண் எதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் மண்ணைப் பற்றியே பேசின. பெயர்த்து நட்டது பிழைத்தும், தன் பழைய சுபாவத்தை விடாமலும் இருக்கலாம் என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. இதையும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியாதபடி, 2002இல் கொரியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. தலைமுடியைக் காலில் நட்டுப் பார்த்தபோது அது முளைத்தது, ஆனால் தலையில் வளரும் வேகத்தில் வளரவில்லை. ஆக மண்ணுக்கும் ஏதோ பேச்சு இருக்கிறது. விமர்சகர்கள் அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. 1970களில் 4 மில்லிமீட்டர் அகலக் குழாயால் கொத்தாக எடுத்து நட்டார்கள். ஒவ்வொரு கொத்தும் தனித்துத் தெரியும். பொம்மையின் தலை மாதிரி. இப்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஊசிக்குழாயால், இயற்கையில் ஒன்றிலிருந்து நாலு முடிவரை சேர்ந்து முளைக்கிற அலகை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். முன்வரிசையில் ஒற்றை முடி அலகுகளை மட்டும் வைக்கிறார்கள், அதையும் நேர்க்கோடாக அல்ல. சீராக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடும் என்பதால் வரிசையைத் திட்டமிட்டுக் குலைக்கிறார்கள். யாப்பை உதறியவர்கள் கவனிக்கலாம்; ஒழுங்கின்மைக்கும் அளவுகோல் வேண்டியிருக்கிறது.

அவன் வந்த சாயங்காலம், தொளதொளவென்ற துணித்தொப்பி, நெற்றியில் கறுப்புப் பட்டை, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை. எட்டு மணி நேரம் நடந்திருக்கிறது. நாலு மணி குப்புறப் படுத்து, பின்மண்டையிலிருந்து எடுப்பது. மீதி மல்லாந்து, முன்னால் நடுவது. தொப்பியை எடுத்ததும் நான் பார்த்தது தலை அல்ல. செம்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் அரிசி முனையளவுக்கு ஒரு கறுப்பு. பின்னால் மழித்த இடத்தில் எறும்புப் புற்று வாய்களைப் போல நூற்றுக்கணக்கான சிறு துளைகள். அவன் கண்ணாடி பார்க்கவில்லை. 'அப்பாவுக்கு மொட்டை எடுக்கல. இதுக்கு எடுத்தாச்சு' என்றான். பதில் எதிர்பார்த்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் மூன்று நாள், அரைமணிக்கு ஒருமுறை உப்புநீர் தெளிக்கவேண்டும். கிளினிக்கில் கொடுத்த சிறிய ஸ்ப்ரே பாட்டில். ஒரு சாண் தூரத்திலிருந்து, பனி மாதிரி விழவேண்டும், சொட்டக் கூடாது. காய்ந்தால் நட்டதைச் சுற்றிக் கசிந்த ரத்தமும் நிணமும் கெட்டித்துப் பொருக்காகும். பொருக்கு தடித்தால் அரிக்கும். அரித்தால் தூக்கத்தில் கை போகும். கை போனால் 35 ரூபாய், 35 ரூபாயாகப் பெயர்ந்து வரும். தாள் இந்தச் சங்கிலியைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனி வாக்கியமாக வைத்திருந்தது. இரவில் தலையை 45 டிகிரி உயர்த்திப் படுக்கவேண்டும். எங்கள் வீட்டுத் தலையணைகள் போதவில்லை. பைண்டு செய்த பழைய சிறுபத்திரிகைத் தொகுதிகள் நாலைத் தலையணைக்கு அடியில் கொடுத்தேன். மற்ற எதற்கும் இவ்வளவு உறுதியாக அவை முட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

நான் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து தெளித்தேன். எழுந்ததற்குத் தெளிப்பது மட்டும் காரணமில்லை, பயமும்தான். 2016இல் இதே சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். அந்த வருஷம் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்தான் நானும். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது போதுமான பயிற்சியாகாது என்று எழுதவேண்டி வந்தது. எழுதவேண்டி வந்தது என்பதிலேயே நாட்டு நிலவரம் இருக்கிறது. தம்பிக்குச் செய்தவர் முறையாகப் படித்தவர் என்பதை அவன் சொன்ன பிறகும் நான் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்துக்கொண்டேன். இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு ஒருவன் மூச்சு விடுவதைக் கவனித்துக்கொண்டிருப்பது பதிவு எண்ணால் தீர்கிற விஷயமில்லை.

ஒரு முறை மின்சாரம் போயிற்று. வியர்க்காதே என்கிற வாக்கியம் உடனே ஞாபகம் வந்தது. பழைய காலண்டர் அட்டையை எடுத்து விசிறினேன். 'முடியில காத்து படலாமா?' என்று அவன் அரைத்தூக்கத்தில் கேட்டான். தாளில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. முகத்துக்கு மட்டும் விசிறினேன்.

நடவு உவமை முதல் நாளே வந்துவிட்டது. டெல்டாவில் பிறந்தவனுக்கு அது வராமல் இருக்காது. நாற்றங்காலிலிருந்து பறிப்பது, வேர் காயாமல் வைத்திருப்பது, அளந்த இடைவெளியில் நடுவது, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று. ஆழமாக நட்டால் தூர் கட்டாது. தலையிலும் ஆழம் தப்பினால் குழி விழும். முதல் சில நாள் வயலில் மெல்லிசாக நீர் நிற்கவேண்டும், முழுகக் கூடாது. நட்ட வயல் முதல் வாரம் பழுத்துச் சோர்ந்து கிடக்கும், பிறகுதான் பச்சை பிடிக்கும். பறித்த நாற்றுக்கட்டுக்கு முடி என்றே பெயர் உண்டு. மொழியே உவமைக்குக் கையாளாகிவிடுகிறது. இவ்வளவு சுலபமாகப் பொருந்துகிற உவமையைக் கவிதையில் பார்த்தால் நான் அடித்திருப்பேன். பொருந்துகிற இடங்களைச் சொல்லிப் பொருந்தாத இடத்தை மறைப்பதுதான் அதன் வேலை. நடவு வருஷா வருஷம் நடப்பது. அறுத்தபின் மறுபடியும் நாற்று விடலாம். பிடரியில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. கையிருப்பு அவ்வளவுதான். இது விவசாயமில்லை, முதலை எடுத்துச் செலவழிப்பது. வங்கி பாஷையில்தான் இதைச் சரியாகச் சொல்ல முடிகிறது. நிலத்தை விற்ற காசில் நடவு என்று ஒரு வரி எழுதத் தோன்றிய இரவில் நான் பேனாவை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முகம் வீங்கியிருந்தது. மரத்துப்போவதற்காகத் தலைத்தோலுக்குள் ஏற்றிய திரவம், அறுவையின் வீக்கத்தோடு சேர்ந்து கனம் தாளாமல் கீழே இறங்கும். முதலில் நெற்றி, மறுநாள் புருவம், அதற்கும் மறுநாள் கண் இமைகள். தாள் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தது. நெற்றியில் மட்டும் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம், நட்ட இடத்தில் ஐஸ் படக் கூடாது, விரலால் நெற்றி நடுவிலிருந்து பொட்டுப் பக்கமாக நீவிவிடலாம். நாலாம் நாள் அவன் கண்கள் இரண்டு கீறல்களாகிவிட்டன. கன்னத்தின் மேல்பகுதி உப்பி, மூக்கு சிறுத்து, நிறம் மெழுகு மாதிரி. நான் காப்பி டம்ளரோடு வந்தவன் கதவருகே நின்றுவிட்டேன்.

அப்பாவுக்குக் கடைசி ஒன்பது மாதம் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். இடைப்பட்ட நாட்களின் காலைகளில் முகம் இப்படித்தான் இருக்கும். தம்பி அப்போது மஸ்கட்டில். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்கவில்லை. அப்பா போன பிறகும் உடனே கிடைக்கவில்லை. ஃபோனில் வீடியோ போட்டால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'வேணாம், கொரல் கேட்டாப் போதும்னு சொல்லு' என்பார். ஆகவே அந்த முகத்தை அவன் பார்த்ததேயில்லை. அவனிடம் இருக்கும் அப்பாவின் கடைசிப் படம் விமான நிலையத்தில் எடுத்தது. சவரம் செய்த, ஒட்டிய கன்னம். அதன் பிறகு வந்த அப்பா என்னிடம் மட்டும் இருந்தார். நிலம் விற்ற நாளிலும் அதற்குப் பின்னும் இந்த ஒன்பது மாதத்தை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

கண்ணாடி கேட்டான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. கொடுத்தேன். இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

'இப்படித்தான் இருந்துச்சா?'

'எது?'

'அப்பா மூஞ்சி.'

'காலையில இப்படி இருக்கும். டயாலிசிஸ் பண்ணிட்டு வந்தா கொஞ்சம் வடியும்.'

'கண்ணு தெரியுமா அவருக்கு?'

'தெரியும். பேப்பர் படிப்பாரு. தெனைக்கும் ஒன் ஊர் வெயில் எவ்வளவுன்னு பாப்பாரு.'

அவன் கண்ணாடியை வைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை ஒருவன் கண்ணாடியில் இவ்வளவு நேரம் பார்த்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ஒன்றுண்டு. அந்தச் சொல் அங்கே பொருந்தவில்லை. பிறகு ஃபோனைக் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் ஒரு படம் கிளினிக்குக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. இதையும் அனுப்பினான். 'இது இயல்பானதே, ஆறாம் நாளுக்குள் வடிந்துவிடும்' என்று பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அன்று மத்தியானம் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசி எங்கே குத்துவார்கள், எத்தனை மணி நேரம், தண்ணீர் எவ்வளவு குடிக்கவிடுவார்கள், கூட யார் போவது, கடைசியாக என்ன சாப்பிட்டார். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தெளித்துவிட்டு வந்து மறுபடி சொன்னேன். ஆறாம் நாள் வீக்கம் சொன்னபடி வடிந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, 'வடிஞ்சிருச்சு' என்றான். நல்ல செய்தியைச் சொல்கிற குரல் இல்லை அது.

தலைகுளிப்பாட்டுவது பற்றித் தாள் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தது. முதல் குளியல் கிளினிக்கிலேயே ஆகிவிட்டது. மற்ற நாட்களில் ஷவரின் அடியில் நிற்கக் கூடாது. குழந்தைகளுக்கான ஷாம்புவைக் கிண்ணத்து நீரில் நுரைக்கவைத்து, நுரையை மட்டும் எடுத்து நட்ட இடத்தின் மேல் வைக்கவேண்டும், தேய்க்கக் கூடாது. சில நிமிஷம் விட்டு, வெதுவெதுப்பான நீரைக் குவளையால் தாழ்வாகச் சாய்த்து ஊற்றவேண்டும். பின்மண்டையில் மட்டும் விரல் படலாம். துண்டால் துவட்டக் கூடாது. ஒற்றக்கூட வேண்டாம், தானாகக் காயட்டும். எண்ணெய் என்ற பேச்சே கூடாது. அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதிமூன்று. சனிக்கிழமைகளில் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான். அரக்கித் தேய்ப்பேன், சீயக்காய் கண்ணில் போய்க் கத்துவான். இப்போது அதே தலையில் நுரையை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது. பின்மண்டை மரத்துக் கிடந்ததால், நான் தொடுவதும் அவனுக்குத் தெரியவில்லை. 'தொட்டியா?' என்பான். 'தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்' என்பேன்.

ஏழாம் நாளுக்குள் ஒவ்வொரு நடவுப் புள்ளியிலும் பொருக்கு கட்டியிருந்தது. பொருக்கு என்பது எங்கள் பக்கத்தில் புண்ணுக்கும் சொல்வது, வயலுக்கும் சொல்வது. நீர் வடிந்து வெயில் பட்டதும் சேற்றின் மேல் வெடித்து எழும்புகிற ஓடு. பத்தாம் நாள் அதை அகற்றவேண்டும். முன்தினம் வரை தொடாதே என்று சொல்லிவந்த தாள் திடீரென்று, விரல் நுனியின் சதையால், நகம் படாமல், வட்டமாகத் தேய் என்கிறது. எனக்குக் கை வரவில்லை. அந்தத் தடையுத்தரவு ஏன், எப்போது விலகுகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அதையும் யாரோ சோதித்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், நட்ட கிராஃப்டுகளை நாளுக்கு நாள் பிடுங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் முடியைப் பிடித்து இழுத்தால் கிராஃப்டும் வரும். ஆறாம் நாளில் முடியை இழுத்தால் வராது. ஆனால் ஒட்டிய பொருக்கை இழுத்தால் ஐந்தாம் நாள் வரை தப்பாமல் வரும், எட்டாம் நாள் வரை வரலாம். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு எதை இழுத்தாலும் வராது. பிடித்துக்கொண்டுவிட்டது. இலக்கியத்தில் எதையாவது இப்படிப் பிடுங்கிப் பார்த்து நாள் குறித்திருக்கிறோமா என்று தெரியவில்லை.

நுரை வைத்துக் கால்மணி நேரம் ஊறவிட்டு, முன்வரிசையிலிருந்து தொடங்கினேன். பொருக்குகள் இளகி விரலோடு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டை முடி நின்றது. அவன் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, 'அண்ணே, போகுது' என்றான். முடிதான் போகிறது, மயிர்க்கால் உள்ளே இருக்கிறது, அது தன் சௌகரியத்தில் வேறு முடி விடும் என்று நான் படித்ததை ஒப்பித்தேன். நம்பினானா தெரியாது. தலையை என் கைக்கு விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. பிறந்த குழந்தையின் தலை மாதிரி என்று எழுத வருகிறது, ஆனால் அப்படி இல்லை, சவரத்தில் காயம்பட்ட முகவாய் மாதிரி இருந்தது.

அவன் கிளம்பிப் போனான். ஒரு மாதத்தில் நட்டதில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. இது நடக்கும் என்று தாளின் கடைசிப் பத்தி சொன்னது. இடம் பெயர்ந்த அதிர்ச்சியில் மயிர்க்கால் இருக்கிற முடியை உதறிவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். மூன்று, நாலு மாதம் கழித்துத்தான் விழிக்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம். அந்த மாதங்களில் அவன் முன்னைவிட வழுக்கையாக இருந்தான். சுற்றியிருக்கும் சொந்த முடியைக் காப்பாற்ற, காலை மாலை மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்கென்று வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் 1988இல் அமெரிக்காவில் தலைக்குத் தடவ அனுமதி பெற்றது. அவன் வாரம் ஒருமுறை ஃபோன் செய்தான். முடியைப் பற்றி இரண்டு நிமிஷம், அப்பாவைப் பற்றி அதைவிட அதிகம். என்னிடமும் சொல்ல மீதி இருந்தது.

நண்பர்கள் மத்தியில் விஷயம் பரவி, ஒப்பனையை எதிர்க்கும் விமர்சகன் வீட்டில் ஒப்பனையா என்ற கேலி வந்தது. கவிதையில் ஒப்பனை பற்றி நான் எழுதியது அப்படியே நிற்கிறது. ஒரு மனிதன் பெண்வீட்டார் முன்னால் வெளிச்சத்தின் கீழ் உட்காரவேண்டியிருப்பது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களுக்கு, பெரும்பாலும், தலை நிறைய முடி இருக்கிறது.

2024 ஆவணியில் அப்பா திதிக்கு இருவரும் ஊருக்குப் போனோம். மறுநாள் கடைத்தெருவில், அப்பாவுக்கு முப்பது வருஷம் முகம் வழித்தவரின் சலூனுக்கு அவன் போகவேண்டும் என்றான். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் தெளித்துச் சீப்பை வைத்தவர் நிறுத்தினார். கட்டைவிரலை முன்னிருந்து பின்னாக ஓட்டினார். பிடரியில் ஒருமுறை. மறுபடி முன்னால்.

'இது பின்மண்டை முடியில்ல தம்பி? முன்னால எப்படி வந்துச்சு?'

தம்பி சொன்னான். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

'வலிச்சுதா?'

'வலி இல்ல. அரிப்புதான்.'

அவர் மெஷினை மேஜையில் வைத்துவிட்டுக் கத்திரியை எடுத்தார். முன்பக்கம் கத்திரிதான், அடர்த்தி பார்த்து எடுக்கவேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.